பள்ளி மூடியிருக்கும் நேரம் யாருடைய பொறுப்பு?

(மேலப்பாளையத்தில் கோடை விடுமுறைக்கு முன் நமது அறக்கட்டளை கூட்டிய பெற்றோர் கூட்டத்தில் கல்விக் குழுவின் சார்பில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)





இன்று ஒரு சின்னக் கணக்கிலிருந்து தொடங்குகிறேன். ஓர் ஆண்டுக்கு 8760 மணி நேரம். நம் பிள்ளை ஒரு நாளைக்கு 9 மணி நேரம் தூங்குகிறது என்று வைத்தால், தூக்கம் போக விழித்திருக்கும் நேரம் ஏறத்தாழ 5500 மணி. பள்ளிக்கூடம் ஆண்டுக்கு 210 நாள், நாளுக்கு 7 மணி நேரம் நடக்கிறது என்று வைத்தாலும் மொத்தம் 1470 மணிதான் வரும். மீதி 4000 மணி நேரம் பிள்ளை பள்ளிக்கு வெளியே இருக்கிறது.

பள்ளியைப் பற்றி நாம் நிறையப் பேசுகிறோம். எந்தப் பள்ளியில் சேர்ப்பது, கட்டணம் எவ்வளவு, ஆசிரியர் எப்படி, மதிப்பெண் எத்தனை என்று பேசுகிறோம். அந்த 4000 மணி நேரத்தைப் பற்றி எந்தக் கூட்டத்திலும் பேசியதில்லை. அதில் கோடை விடுமுறை ஒரு பெரிய துண்டு. தினமும் மாலை நாலரை மணியிலிருந்து இரவு சாப்பாடு வரை உள்ள நேரம் இன்னொரு பெரிய துண்டு. இந்த இரண்டு துண்டுகளைப் பற்றித்தான் இன்று உங்களோடு பேச வந்திருக்கிறேன்.

ஓய்வு நேரம் ஒரு நிஃமத். அது நம் கையில் ஒப்படைக்கப்பட்ட அமானத்தும்கூட. பிள்ளையின் ஓய்வு நேரத்தைக் கணக்குப் பார்க்கும் பொறுப்பு பிள்ளைக்கு வருவதற்கு முன் நமக்கு வருகிறது.

வசதியுள்ள வீட்டுப் பிள்ளையின் விடுமுறை எப்படி இருக்கிறது? நீச்சல் வகுப்பு, கம்ப்யூட்டர் வகுப்பு, ஊர்ப் பயணம், வீட்டில் நாலு புத்தகம், கேள்வி கேட்டால் பதில் சொல்லப் படித்த வாப்பாவோ உம்மாவோ. நம் தெருக்களில் பல வீடுகளில் எப்படி இருக்கிறது? வாப்பா கடையில், அல்லது வெளிநாட்டில். உம்மா பீடித் தட்டோடு உட்கார்ந்திருக்கிறார். பையன் செல்போனோடு திண்ணையில், அல்லது வெயிலில் எங்கேயோ. பொண்ணு உம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து இலை வெட்டுகிறாள், முனை மடக்குகிறாள். பள்ளி நாட்களில் அரசுப் பள்ளிப் பிள்ளைக்கு மதியச் சத்துணவாவது உண்டு. விடுமுறையில் அதுவும் இல்லை.

இதனால் என்ன ஆகிறது என்று அமெரிக்காவில் பால்டிமோர் நகரத்தில் மூன்று சமூகவியல் அறிஞர்கள் நீண்ட காலம் பார்த்தார்கள். கார்ல் அலெக்சாண்டர், டோரிஸ் என்ட்விசில், லிண்டா ஓல்சன் என்பவர்கள். 1982ஆம் ஆண்டு 20 அரசுப் பள்ளிகளில் முதல் வகுப்பில் சேர்ந்த ஏறத்தாழ 790 பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்து, அவர்கள் வளர்ந்து பெரியவர்களாகும் வரை தொடர்ந்து கவனித்தார்கள். பள்ளி நடக்கும் மாதங்களில் ஏழை வீட்டுப் பிள்ளையும் வசதியான வீட்டுப் பிள்ளையும் கிட்டத்தட்ட ஒரே வேகத்தில்தான் முன்னேறினார்கள். கோடை வந்தபோது வசதியான வீட்டுப் பிள்ளை முன்னே போய்க்கொண்டே இருந்தது. ஏழை வீட்டுப் பிள்ளை நின்ற இடத்திலேயே நின்றது, சில பிள்ளைகள் பின்வாங்கினார்கள். இதற்கு அவர்கள் சொன்ன உவமை நம் தெருவில் எல்லோருக்கும் புரியும். பள்ளி ஒரு பொதுக் குழாய். தண்ணீர் வரும்போது எல்லா வீட்டுக்கும் வருகிறது. குழாய் மூடியதும், வீட்டில் தொட்டி இருப்பவர் பிழைத்துக்கொள்கிறார், குடத்தை மட்டும் வைத்திருப்பவர் தவிக்கிறார்.

பின்னால் வந்த ஆய்வாளர்கள் சிலர், அந்த இடைவெளி அவ்வளவு பெரிதா, தேர்வு வைத்த முறை சரியா என்று கேள்வி எழுப்பியிருக்கிறார்கள். அது ஆய்வாளர்களுக்குள் நடக்கும் விவாதம், நடக்கட்டும். அளவு எதுவானாலும், குழாய் மூடியிருக்கும்போது பிள்ளைக்குத் தொட்டி வேண்டும் என்பதில் நமக்குச் சந்தேகம் வேண்டியதில்லை. ஒவ்வொரு வீடும் தனித்தனித் தொட்டி கட்ட முடியாது. மஹல்லாவுக்குப் பொதுவாக ஒன்று கட்டலாம். முகாமும் மாலை வகுப்பும் அந்தப் பொதுத் தொட்டிதான்.

இது அமெரிக்கக் கதை, நமக்குப் பொருந்துமா என்று கேட்பீர்கள். நம் மாநிலத்தில் நடந்ததைச் சொல்கிறேன். கொரோனாவால் ஒன்றரை ஆண்டுக்கும் மேலாகச் சின்னப் பிள்ளைகளின் பள்ளிகள் மூடிக்கிடந்தன. 2021 அக்டோபர் 27 அன்று விழுப்புரம் மாவட்டம் முதலியார்குப்பத்தில் 'இல்லம் தேடிக் கல்வி' தொடங்கியது. ஒன்றாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகளுக்கு, பள்ளி விட்ட பிறகு மாலையில் ஒன்று, ஒன்றரை மணி நேரம் பாடம். சொல்லிக்கொடுத்தவர்கள் அதே தெருவில் இருந்த தன்னார்வலர்கள், பெரும்பாலும் பெண்கள். ஒருவருக்கு 20 பிள்ளை அளவு. மாதம் 1000 ரூபாய் ஊக்கத்தொகை. நடந்த இடம் திண்ணை, சமுதாயக் கூடம், பள்ளி வராந்தா.

கார்த்திக் முரளிதரன், அபிஜீத் சிங், மௌரிசியோ ரொமேரோ என்ற பொருளாதார அறிஞர்கள் தமிழ்நாட்டுக் கிராமப் பிள்ளைகளிடம் இதை ஆய்வு செய்தார்கள். பள்ளி திறந்து ஆறு மாதத்திற்குள், இழந்த படிப்பில் மூன்றில் இரண்டு பங்கைப் பிள்ளைகள் மீட்டுவிட்டார்கள். அப்படி மீட்டதில் ஏறத்தாழ கால் பங்கு அந்த மாலை வகுப்பால் வந்தது என்று கணக்கிட்டார்கள். மாதம் 1000 ரூபாய் வாங்கிய ஒரு பக்கத்து வீட்டு அக்கா, மாலையில் பாய் விரித்து உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்ததன் பலன் இது.

உத்தரப் பிரதேசத்திலிருந்து ஒரு செய்தி. உன்னாவ், சீதாப்பூர் மாவட்டங்களில் 2013–14 கல்வியாண்டில் பிரதம் என்ற தொண்டு நிறுவனம் அரசுப் பள்ளிகளில் கற்றல் முகாம்கள் நடத்தியது. பத்து நாள் அல்லது இருபது நாள் கொண்ட முகாம்கள். கோடையில் ஒரு பத்து நாள் முகாம். எல்லாம் சேர்த்து ஆண்டுக்கு 50 நாள். அந்த முகாம்களில் பிள்ளையை வகுப்பு வாரியாக உட்கார வைக்கவில்லை. எழுத்துத் தெரிந்தவர் ஒரு குழு, சொல் வாசிப்பவர் ஒரு குழு, பத்தி வாசிப்பவர் ஒரு குழு, கதை வாசிப்பவர் ஒரு குழு என்று பிரித்தார்கள். ஐந்தாம் வகுப்புப் பையனுக்கு எழுத்து தெரியாவிட்டால் அவன் எழுத்துக் குழுவில்தான் இருப்பான், யாரும் கேலி செய்வதில்லை. ஆண்டு முடிவில், முகாம் நடந்த பள்ளிகளில் பத்தியோ கதையோ வாசிக்கத் தெரிந்த பிள்ளைகளின் விகிதம் முகாம் நடக்காத பள்ளிகளைப் போல ஏறத்தாழ இரு மடங்கு இருந்தது. இந்த ஆய்வில் இருந்த அபிஜித் பானர்ஜியும் எஸ்தர் டுஃப்லோவும் 2019இல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு பெற்றவர்கள்.

தாய்மார்களே, இதை இன்றிரவே உங்கள் வீட்டில் செய்துபார்க்கலாம். பிள்ளையின் பாடப் புத்தகம் வேண்டாம்; அது மனப்பாடமாக இருக்கும். இரண்டாம் வகுப்புத் தரத்தில் உள்ள, பிள்ளை பார்த்திராத ஒரு சின்னக் கதையைக் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். பிறகு 46இலிருந்து 29ஐக் கழிக்கச் சொல்லுங்கள். ஐந்தாம் வகுப்பில் இருக்கும் பிள்ளை தடுமாறினால் அடிக்க வேண்டாம், திட்ட வேண்டாம். எந்த இடத்தில் நிற்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். அந்த இடத்திலிருந்துதான் தொடங்க வேண்டும்.

இனி, நம் ஊரில் நடக்கும் முகாம்களைப் பற்றிக் கொஞ்சம் மனம் விட்டுப் பேசலாம். மூன்று நாள் முகாம், ஐந்து நாள் முகாம் என்று நடக்கிறது. பேனர் வைக்கிறோம், சிறப்பு விருந்தினரைக் கூப்பிடுகிறோம், பிள்ளைகளை உட்கார வைத்து மணிக்கணக்கில் பேசுகிறோம், கடைசி நாள் சான்றிதழும் பிரியாணியும் கொடுத்து அனுப்புகிறோம். நல்ல எண்ணத்தோடுதான் செய்கிறோம். நமக்கு மனநிறைவு கிடைக்கிறது. பிள்ளைக்கு என்ன மாறியது என்று யாரும் ஒரு மாதம் கழித்துப் பார்ப்பதில்லை.

அமெரிக்காவில் பாஸ்டன், டல்லஸ், பிட்ஸ்பர்க், ரோச்செஸ்டர் உள்ளிட்ட ஐந்து ஊர்களின் பள்ளி மாவட்டங்களில் 2011 முதல் ராண்ட் என்ற ஆய்வு நிறுவனம் கோடை வகுப்புகளைப் பல ஆண்டுகள் கவனித்தது. வகுப்பு இலவசம், காலையில் படிப்பு, பிறகு விளையாட்டும் கலையும். அங்கேயும் பெயர் கொடுத்தவர்களில் பலர் வரவே இல்லை. 20 நாளோ அதற்கு மேலோ வந்த பிள்ளைகளிடம்தான் கணக்கிலும் மொழியிலும் தெளிவான முன்னேற்றம் தெரிந்தது. பெயர் கொடுத்துவிட்டு வராமல் இருப்பதும், ஒரு நாள் வந்து நாலு நாள் நிற்பதும் பயன் தரவில்லை. ஆகவே முகாம் என்றால் குறைந்தது 20 நாள் நடக்க வேண்டும், பிள்ளை அத்தனை நாளும் வர வேண்டும். முதலாவதற்கு அறக்கட்டளை பொறுப்பு. இரண்டாவதற்கு நீங்கள் பொறுப்பு.

படிப்பு மட்டும்தான் பலனா என்றால் இல்லை. 15, 16, 17 வயதுப் பையன்கள் இருக்கிறார்களே, அவர்களைப் பற்றித்தான் நம் எல்லோருக்கும் கவலை. மீசை அரும்பும் வயது. வீட்டுக்குள் இருக்கப் பிடிக்காது, வெளியே போனால் போக இடம் கிடையாது. டீக்கடையும் பைக்கும் செல்போனும்தான் கூப்பிடுகின்றன. சிகாகோ நகரத்தில் வன்முறை மிகுந்த பகுதிகளில் உள்ள 13 பள்ளிகளிலிருந்து 1634 மாணவர்களை எடுத்து, குலுக்கல் முறையில் ஒரு பகுதியினருக்குக் கோடையில் 8 வாரம் பகுதி நேர வேலை கொடுத்தார்கள். கூடவே வழிகாட்ட ஒரு பெரியவரை நியமித்தார்கள். சாரா ஹெல்லர் என்ற ஆய்வாளர் 2014இல் 'சயின்ஸ்' இதழில் எழுதிய முடிவு இது: அடுத்த 16 மாதங்களில், வேலை கிடைத்த மாணவர்கள் வன்முறைக் குற்றத்துக்காகக் கைதானது மற்றவர்களைவிட 43 சதவீதம் குறைவு. அந்தக் குறைவும் பெரும்பாலும் வேலை நடந்த 8 வாரத்துக்குள் ஏற்பட்டதல்ல, அது முடிந்த பிறகு வந்தது. அப்படியென்றால் வேலையில் கட்டிப்போட்டதால் மட்டும் வந்த பலன் இல்லை. நேரத்துக்கு வருவது, மேலே இருப்பவர் சொல்வதைக் கேட்பது, கோபத்தை அடக்குவது, பிரச்சினை வந்தால் ஒரு பெரியவரிடம் போய்ச் சொல்வது என்று அவர்கள் ஏதோ கற்றுக்கொண்டு போயிருக்கிறார்கள்.

நம் ஊர் சிகாகோ இல்லை, அல்ஹம்துலில்லாஹ். ஆனால் பையனுக்கு வேண்டியது இங்கேயும் அதுதான்: ஒரு வேலை, ஒரு பொறுப்பு, தன் பெயரைத் தெரிந்த ஒரு பெரியவர். பெரிய பையன்களுக்கு முகாமில் நாம் கொடுக்க நினைப்பது சொற்பொழிவு அல்ல. காலையில் சின்னப் பிள்ளைகளுக்கு வாசிக்கச் சொல்லிக்கொடுக்க வேண்டும். மாலையில் விருப்பப்படி மின் பழுதுபார்ப்பு, தையல் இயந்திரம் பழுதுபார்ப்பு, கணக்கு எழுதுதல், கம்ப்யூட்டரில் தமிழ் தட்டச்சு ஆகியவற்றில் ஒன்றைத் தொழில் தெரிந்த நம் ஊர்க்காரரிடம் கற்க வேண்டும். ஒன்பதாம் வகுப்புப் பையன் மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்குக் கழித்தல் சொல்லிக்கொடுக்கும்போது இரண்டு பேரும் படிக்கிறார்கள்.

இனி உயிர் பற்றிய ஒரு விஷயம். கோடை வந்தால் தாமிரபரணியிலும் கால்வாயிலும் குளத்திலும் கிணற்றிலும் பிள்ளைகள் இறங்குவார்கள். வெயிலுக்கு அது இயற்கை. எந்தக் கோடையிலும் எந்த நாளிதழைப் புரட்டினாலும் நீரில் மூழ்கிய பிள்ளைகளின் செய்தி இருக்கிறது. ஒருவன் மூழ்க, காப்பாற்றப் போன இரண்டாமவனும் போனான் என்று எத்தனை முறை வாசித்திருக்கிறோம்! உலக சுகாதார நிறுவனம் இதற்குச் சொல்லும் வழிகளில் இரண்டைக் கவனியுங்கள். பள்ளி வயதுப் பிள்ளைக்கு நீச்சலும், தண்ணீரில் எச்சரிக்கையும், பாதுகாப்பான மீட்பும் கற்றுக்கொடுக்க வேண்டும். பள்ளி செல்லாத சின்னப் பிள்ளைக்குத் தண்ணீரிலிருந்து விலகிய பாதுகாப்பான இடம் வேண்டும்.

வங்காளதேசத்தில் இதைச் செய்துகாட்டியிருக்கிறார்கள். ஊருக்கு ஊர் குளம்; உம்மா சமையலில் இருக்கும் முற்பகல் நேரத்தில்தான் தவழும் பிள்ளை, நடக்கும் பிள்ளை தண்ணீரில் விழுகிறது. காலை 9 மணி முதல் மதியம் 1 மணி வரை அந்தப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள அந்தக் கிராமத்திலேயே ஒரு பெண்ணைப் பயிற்றுவித்து, அவர் வீட்டிலேயே ஒரு காப்பகம் வைத்தார்கள். அதற்குப் பெயர் 'ஆஞ்சல்'. தாயின் முந்தானை என்று பொருள். பிள்ளைகள் மூழ்கி இறப்பது அங்கே பெருமளவு குறைந்தது. பெரிய கட்டடம் எதுவும் இல்லை. நாலு மணி நேரம் ஒரு பொறுப்பான பெண்ணின் கண் பிள்ளை மேல் இருந்தது, அவ்வளவுதான்.

நம் முகாமில் முதல் வாரமே தண்ணீர்ப் பாடம் இருக்க வேண்டும் என்று கல்விக் குழு கேட்டுக்கொள்கிறது. நீந்தத் தெரிந்தவனும் தனியாக ஆற்றில் இறங்கக் கூடாது. மூழ்குபவனைக் காப்பாற்றத் தண்ணீரில் குதிக்கக் கூடாது. சத்தம் போட்டுப் பெரியவரைக் கூப்பிட வேண்டும். கரையிலேயே படுத்துக்கொண்டு கம்போ கயிறோ துண்டோ நீட்ட வேண்டும். காலிக் குடத்தையோ மூடிய பிளாஸ்டிக் கேனையோ எறிய வேண்டும். 108க்கு அழைக்க வேண்டும். இதைச் சொல்லிக்கொடுக்க ஒரு மணி நேரம் போதும். அந்த ஒரு மணி நேரம் ஓர் உயிரைக் காக்கலாம்.

அடுத்தது பெண் பிள்ளைகள். உம்மாமார்கள் கோபப்படாமல் கேட்க வேண்டும். பீடி சுற்றித்தான் இந்த ஊரில் எத்தனையோ குடும்பங்கள் மானத்தோடு வாழ்ந்திருக்கின்றன. அந்தக் கைகளுக்கு மரியாதை செய்துவிட்டுத்தான் பேசுகிறேன். ஆனால் ஏழாம் வகுப்புப் பொண்ணு விடுமுறையில் உம்மாவுக்கு உதவ உட்காருகிறாள். ஜூன் மாதம் பள்ளி திறக்கும்போது, வீட்டுச் செலவு அவள் கையையும் நம்பி நடக்கப் பழகிவிட்டது. ஒன்பதாம் வகுப்பில் நின்றுவிடுகிறாள். பள்ளியை விட்டு நிறுத்த யாரும் முடிவெடுப்பதில்லை. ஒரு கோடை விடுமுறை அவள் கையில் அந்தத் தட்டைக் கொடுத்துவிட்டுப் போய்விடுகிறது. 1986ஆம் ஆண்டின் குழந்தைத் தொழிலாளர் சட்டமே பீடி சுற்றுவதைக் குழந்தைகளுக்கு ஆகாத வேலைகளின் பட்டியலில் வைத்தது. புகையிலைத் தூள் வளரும் பிள்ளையின் மூச்சுக்கும் தோலுக்கும் கெடுதல் என்பதை உம்மாமார்களைவிட யார் அறிவார்கள்?

அவள் படித்தால் வீட்டுக்கு நஷ்டம் என்ற கணக்கும் இப்போது சரியில்லை. எட்டாம் வகுப்பில் தேசிய வருவாய்வழித் திறன் படிப்புதவித் தேர்வு இருக்கிறது. அரசுப் பள்ளியிலும் அரசு உதவி பெறும் பள்ளியிலும் படிக்கும், குடும்ப ஆண்டு வருமானம் மூன்றரை லட்சத்துக்கு மேற்படாத பிள்ளைகள் எழுதலாம். தேர்ச்சி பெற்றுத் தேர்வானால் ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய். நாலு ஆண்டில் 48,000. அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்துக் கல்லூரி போனால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1000. அந்த எட்டாம் வகுப்புத் தேர்வுக்குப் படிப்பதற்கு மாலை வகுப்பைவிட நல்ல இடம் வேறு இல்லை. இந்த ஆண்டு ஏழாம் வகுப்பு முடிக்கும் ஒவ்வொரு பிள்ளையின் பெயரையும் இன்றே எழுதிக்கொடுங்கள்.

மார்க்கக் கல்வியோடு இது மோதுமா என்று சிலர் கேட்டார்கள். மோதாது. யோசித்துப் பாருங்கள், பள்ளி நேரத்துக்கு வெளியே பிள்ளையைக் கூட்டி உட்கார வைத்துச் சொல்லிக்கொடுக்கும் ஏற்பாட்டை நாம் யாரிடமிருந்தும் இரவல் வாங்கவில்லை. மக்தப் மதரஸா தலைமுறை தலைமுறையாக அதைத்தான் செய்கிறது. 2006இல் வந்த சச்சார் குழு அறிக்கையும் இதைப் பிரித்துக் காட்டியது. முழுநேர மதரஸாவில் படிப்பவர்கள் பள்ளி வயது முஸ்லிம் பிள்ளைகளில் 3 சதவீத அளவுதான். பள்ளிவாசலை ஒட்டிய மக்தபுகள் பள்ளிப் படிப்போடு கூட நடப்பவை என்று அது சொன்னது. அதே அறிக்கைதான், 6 முதல் 14 வயதுக்குட்பட்ட முஸ்லிம் பிள்ளைகளில் நாட்டளவில் 25 சதவீதம் பேர் பள்ளிக்குப் போனதே இல்லை அல்லது பாதியில் நின்றவர்கள் என்றும் சொன்னது. மக்தபில் நமக்கு இடம் இருக்கிறது, பாய் இருக்கிறது, மின்விசிறி இருக்கிறது, பெற்றோரின் நம்பிக்கை இருக்கிறது, நேரத்துக்கு வரும் பழக்கம் இருக்கிறது. மற்ற ஊர்களில் பெரும் செலவு செய்து உருவாக்க வேண்டியவை நம்மிடம் முன்பே இருக்கின்றன. ஓதல் முடிந்த பிறகு அந்த இடம் காலியாக இருக்கும் நேரத்தைத்தான் நாம் கேட்கிறோம். உஸ்தாதுமார்களும் இதற்கு மனமுவந்து சம்மதித்திருக்கிறார்கள்.

"விடுமுறையிலும் படிப்பா? பிள்ளை கொஞ்சம் விளையாட வேண்டாமா?" இது நியாயமான கேள்வி. விளையாட வேண்டும். அதனால்தான் முகாம் காலை ஏழரை மணிக்குத் தொடங்கி வெயில் ஏறும் முன் பதினொரு மணிக்கு முடியும். அதில் ஒன்றரை மணி நேரம்தான் வாசிப்பும் கணக்கும். மீதி விளையாட்டு, கைவேலை, கதை சொல்லுதல். வாரத்தில் ஒரு நாள் வெளியே: கொக்கிரகுளத்தில் 1987 முதல் இயங்கும் மாவட்ட அறிவியல் மையம் நமக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறது, நம் பிள்ளைகளில் எத்தனை பேர் உள்ளே போயிருக்கிறார்கள்? தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் ஆண்டுதோறும் மாவட்ட விளையாட்டரங்குகளில் கோடைப் பயிற்சி நடத்துகிறது. ஆர்வமுள்ள பிள்ளைகளைப் பாளையங்கோட்டைக்குக் குழுவாக அனுப்பலாம்.

"டியூஷன் போகிறானே, போதாதா?" டியூஷன், பணம் கட்ட முடிந்தவருக்கு. அங்கே வகுப்புப் பாடத்தைத்தான் திரும்பச் சொல்கிறார்கள். மூன்றாம் வகுப்புக் கழித்தலில் நின்றுவிட்ட பிள்ளைக்கு ஏழாம் வகுப்பு இயற்கணிதத்தை இரண்டு முறை சொன்னால் இரண்டு முறை புரியாது.

"பெண் பிள்ளையை இருட்டிய பிறகு அனுப்ப முடியாது." அனுப்ப வேண்டாம். பெண் பிள்ளைகளுக்கு அஸருக்குப் பின் தொடங்கி மஃக்ரிபுக்கு முன் முடியும். அந்தந்தத் தெருவிலேயே, நமக்குத் தெரிந்த ஒரு வீட்டில், பெண் ஆசிரியையே நடத்துவார். ஆண் பிள்ளைகளுக்கு மஃக்ரிபிலிருந்து இஷா வரை மதரஸா கூடத்தில்.

"நம் பிள்ளையை நம்பி விடலாமா?" இந்தக் கேள்வியைக் கேட்காத பெற்றோரைப் பற்றித்தான் எனக்குக் கவலை. அதனால் விதிகளை எழுதியே வைத்திருக்கிறோம். எந்த அறையிலும் ஒரு பெரியவர் மட்டும் தனியாகப் பிள்ளைகளோடு இருக்கக் கூடாது. இரண்டு பேர் வேண்டும். வகுப்பு நடக்கும்போது கதவு திறந்திருக்கும். எந்தப் பெற்றோரும் எந்த நேரமும் சொல்லாமல் வந்து பார்க்கலாம். அடிப்பது கிடையாது. வந்த நேரமும் போன நேரமும் பதிவேட்டில் எழுதப்படும். பிள்ளை வராவிட்டால் அன்றே வீட்டுக்குத் தகவல் வரும். பிள்ளைகளுக்கு 1098 என்ற உதவி எண் சொல்லிக்கொடுக்கப்படும். பிள்ளை ஏதாவது புகார் சொன்னால், சொன்னது யாரைப் பற்றியிருந்தாலும், ஊர்ப் பெயர் கெட்டுவிடும் என்று மூடி வைக்கப்படாது.

கடைசியாகப் பணம். 60 பிள்ளைகளுக்குக் கணக்குப் போட்டிருக்கிறோம். 20 பேருக்கு ஒருவர் வீதம் மூன்று ஆசிரியைகள். ஒருவருக்கு மாதம் 2000 வீதம் பத்து மாதத்துக்கு 60,000 ரூபாய். பிள்ளைக்கு 200 ரூபாய்க்குப் புத்தகம், நோட்டு என்றால் 12,000. நாளைக்கு ஐந்து ரூபாய்க்குச் சுண்டலோ பயறோ என்றால், மாதம் 20 நாள் வீதம் பத்து மாதத்துக்கு 60,000. மொத்தம் 1,32,000. ஒரு பிள்ளைக்கு ஆண்டுக்கு 2200 ரூபாய். 200 நாளுக்கு வகுத்தால் ஒரு நாளைக்கு 11 ரூபாய். கடையில் ஒரு டீ குடிக்கும் காசு. இடத்துக்கு வாடகை இல்லை, மின்சாரத்தை ஜமாஅத் ஏற்றுக்கொண்டிருக்கிறது. வெளிநாட்டில் இருக்கும் ஒரு சகோதரர் 2200 ரூபாய் அனுப்பினால் ஒரு பிள்ளையின் ஓர் ஆண்டு மாலை முழுவதும் அவர் கணக்கில் இருக்கும். இதற்கு எந்த வகை நிதியைப் பயன்படுத்தலாம் என்பதை உலமாக்களிடம் கேட்டே நடக்கிறோம். வரவு செலவு மாதந்தோறும் பள்ளிவாசல் அறிவிப்புப் பலகையில் ஒட்டப்படும்.

இந்தக் கூட்டம் முடிவதற்குள் மூன்று காரியம் வேண்டும். முதலாவது, 2ஆம் வகுப்பு முதல் 9ஆம் வகுப்பு வரையுள்ள உங்கள் பிள்ளையின் பெயரை, 20 நாளும் அனுப்புவேன் என்ற வாக்குறுதியோடு எழுதிக்கொடுங்கள். வாக்குக் கொடுக்க முடியாதவர் பெயர் கொடுக்க வேண்டாம். அந்த இடம் இன்னொரு பிள்ளைக்குப் போகட்டும். இரண்டாவது, பன்னிரண்டாம் வகுப்போ கல்லூரியோ முடித்து வீட்டில் இருக்கும் நம் பெண்கள் முன்வர வேண்டும். சதக்கத்துல்லாஹ் அப்பா கல்லூரி போன்ற கல்லூரிகளில் பட்டம் வாங்கியவர்கள் எத்தனை பேர் இந்தத் தெருக்களில் இருக்கிறார்கள்! அந்தப் படிப்பு பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கும் சேரட்டும். மூன்றாவது, கடை வைத்திருப்பவர்கள், தொழில் தெரிந்தவர்கள் வாரத்தில் இரண்டு மணி நேரம் பெரிய பையன்களுக்குக் கொடுங்கள். பணம் கொடுப்பதைவிட இது கஷ்டம் என்று தெரியும். அதனால்தான் தனியாகக் கேட்கிறேன்.

முகாமின் முதல் நாள் ஒவ்வொரு பிள்ளையும் எந்த நிலையில் வாசிக்கிறது என்று குறித்து வைப்போம். இருபதாம் நாள் மீண்டும் பார்ப்போம். இரண்டையும் பெற்றோரிடம் காட்டுவோம். முன்னேற்றம் இல்லையென்றால் அதையும் மறைக்காமல் காட்டுவோம், முறையை மாற்றுவோம். சான்றிதழ் கிடையாது, பிள்ளை உங்கள் முன்னால் ஒரு பக்கம் வாசித்துக் காட்டும்.

பெயர்ப் பதிவு வாசல் பக்கத்து மேசையில் நடக்கிறது. தாய்மார்களுக்கு மேல்மாடியில் தனி மேசை இருக்கிறது. மஃக்ரிப் பாங்குக்கு இன்னும் இருபது நிமிடம் இருக்கிறது.

நம் பிள்ளைகளின் நேரத்தில் அல்லாஹ் பரக்கத் செய்வானாக! அந்த அமானத்தைச் சரியாக நிறைவேற்றும் பெற்றோராக நம்மை ஆக்குவானாக! ஆமீன்.

வஸ்ஸலாம்.